லோரிக்கும் நாடி பார்க்கலாம்!
டீசல் அழுத்தமானியைத் தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும்

மாணவர்களே, செம்பனை எண்ணெய் ஏற்றிக்கொண்டு பாசிர் கூடாங் துறைமுகத்தை நோக்கிச் செல்லும் டேங்கர் லோரிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒன்று மேடு ஏறும்போது மட்டும் இழுவை குறைந்து திணறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டறைக்குக் கொண்டுபோனால், நின்ற இடத்தில் இஞ்சின் சீராக ஓடுகிறது. மெக்கானிக் தலையைச் சொறிகிறார். குறை எங்கே? இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் சிறு கருவிதான் எரிபொருள் அழுத்தமானி. நீங்கள் இயற்பியலில் படிக்கும் அழுத்தப் பாடமே இதன் அடிப்படை.

டீசல் செல்லும் வழி

தொட்டியில் உள்ள டீசலை ஒரு சிறிய ஊட்டு பம்ப் இழுத்துத் தள்ளுகிறது. டீசல் வடிகட்டியைக் கடந்து உட்செலுத்து பம்ப்பை அடைகிறது. அங்கே மிக உயர்ந்த அழுத்தம் பெற்று, இன்ஜெக்டர் வழியாக இஞ்சினுக்குள் பீய்ச்சப்படுகிறது. உட்செலுத்து பம்ப்புக்கு முன்னால் இருப்பது தாழ்அழுத்தப் பகுதி. பின்னால் இருப்பது உயர்அழுத்தப் பகுதி. நாம் அளக்கப்போவது தாழ்அழுத்தப் பகுதியை மட்டுமே.

பல உட்செலுத்து பம்ப்புகளுக்குள் ஓடும் டீசல் எரிபொருள் மட்டுமல்ல; பம்ப்பின் பாகங்களுக்கு மசகும் அதுதான், குளிர்விப்பதும் அதுதான். டீசல் போதாமல் போனால் பாகங்கள் உரசித் தேயும்.

அமெரிக்காவில் 1998 முதல் 2002 வரை வந்த டாட்ஜ் ராம் பிக்கப் வண்டிகள் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அவற்றின் கம்மின்ஸ் 24 வால்வு இஞ்சினில் வி.பி.44 என்ற உட்செலுத்து பம்ப் இருந்தது. ஊட்டு பம்ப் பழுதானாலும் வி.பி.44 தானே ஓரளவு டீசலை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது. தெரியவரும்போது விலை உயர்ந்த பம்ப்பே போயிருக்கும். ஆகவே உரிமையாளர்கள் தாங்களே அழுத்தமானி வாங்கிப் பொருத்தத் தொடங்கினார்கள். இஞ்சின் வெறுமனே ஓடும்போது சுமார் 10 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும், பாரம் இழுக்கும்போது 5-க்குக் கீழே போகக்கூடாது என்பது அவர்களிடையே பரவிய எளிய விதி. மற்ற வண்டிகளுக்கு அளவு வேறு. அந்தந்த வண்டியின் பராமரிப்புக் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

(1 பி.எஸ்.ஐ. = ஏறத்தாழ 6.9 கிலோபாஸ்கல்; 1 பார் = 100 கிலோபாஸ்கல்.)

கருவிக்குள் என்ன இருக்கிறது?

1849-இல் பிரெஞ்சுக்காரர் யூஜீன் போர்டோன் காப்புரிமை பெற்ற கருவியே இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. வளைந்த, தட்டையான உலோகக் குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் குழாய் சற்றே நிமிரும். பிறந்தநாள் விழாவில் ஊதினால் சுருள் விரியும் காகித ஊதலை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறு அசைவைப் பற்சக்கரம் பெரிதாக்கி முள்ளை நகர்த்துகிறது. மின் அழுத்தமானியில் உணரி ஒன்று அழுத்தத்தை மின்சமிக்ஞையாக மாற்றிக் கம்பி வழியே அனுப்புகிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் அளவெல்லை. ஓர் அழுத்தமானியின் பிழை முழு அளவில் ±2% என்று கொள்வோம். 0–100 பி.எஸ்.ஐ. அளவியில் பிழை ±2 பி.எஸ்.ஐ.; 0–15 அளவியில் ±0.3 மட்டுமே. அழுத்தம் 10-லிருந்து 8-க்கு இறங்கியதை முதல் அளவியில் நம்பிச் சொல்ல முடியாது. இரண்டாவதில் தெளிவாகத் தெரியும். பெரிய எண் உள்ள கருவி சிறந்தது என்று எண்ணிவிடாதீர்கள்! வழக்கமான அளவு முகப்பின் நடுப்பகுதியில் விழ வேண்டும்.

அடுத்து வகை. போர்டோன் வகையை ஓட்டுநர் அறையில் வைத்தால் டீசல் குழாயையும் உள்ளே கொண்டுவர வேண்டும். கசிந்தால் நாற்றம், தீ ஆபத்து. மின்வகையில் டீசல் வெளியிலேயே நின்றுவிடும். கம்பி மட்டும் உள்ளே வரும்.

ஊட்டு பம்ப் இல்லாத லோரிகளும் உண்டு. அவற்றில் உட்செலுத்து பம்ப்பே தொட்டியிலிருந்து உறிஞ்சுவதால், அதற்கு முன்னால் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தை விடக் குறைவு. சாதாரண அளவியின் பூஜ்யம் என்பதே வளிமண்டல அழுத்தம்தான். ஆகவே அங்கே பூஜ்யத்துக்குக் கீழேயும் காட்டும் அளவி தேவை.

எங்கே, எப்படிப் பொருத்துவது?

செண்டோல் குடிக்கும்போது பச்சைத் துண்டு உறிஞ்சுகுழலை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஒரு பக்கம் இழுவிசை இருந்தும் மறுபக்கம் ஓட்டம் இல்லை. வடிகட்டி அடைத்தாலும் இதே கதைதான். வடிகட்டிக்கு முன்னால் அளந்தால் அழுத்தம் நன்றாகவே இருக்கும். பின்னாலோ உட்செலுத்து பம்ப் பட்டினி கிடக்கும். ஆகவே வடிகட்டிக்கும் உட்செலுத்து பம்ப்புக்கும் இடையே அளக்க வேண்டும்.

தேர்ந்த மெக்கானிக் செய்யும் முறை இது:

1. இஞ்சினை ஆறவிட்டு, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுவார்.
2. குழாயில் ‘டி’ வடிவ இணைப்பைச் சேர்ப்பார். மரைகளுக்கு வெள்ளை நாடா சுற்றமாட்டார். அதன் துணுக்குகள் பம்ப்புக்குள் போகலாம். டீசலைத் தாங்கும் பசையைப் பூசுவார்.
3. உணரியை நேராகத் திருகாமல், டீசலைத் தாங்கும் சிறு குழாயின் முனையில், துடிப்பைத் தணிக்கும் சிறுதுளை அடைப்பானுடன் பொருத்துவார். இல்லையேல் பம்ப்பின் துடிப்பு உணரியைக் கெடுத்துவிடும்.
4. குழாயையும் கம்பியையும் புகைபோக்கியின் சூட்டிலிருந்து விலக்கிக் கட்டுவார்.
5. உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றி, இஞ்சினை ஓடவிட்டுக் கசிவு பார்ப்பார்.

எச்சரிக்கை: உயர்அழுத்தப் பகுதியில் இந்த அளவியைப் பொருத்தவே கூடாது. இக்காலக் காமன் ரெயில் இஞ்சின்களில் அங்கே 1,600 பாருக்கும் மேல் அழுத்தம் ஏறலாம். ஊசிமுனைக் கசிவுகூடத் தோலைத் துளைத்து உடலுக்குள் டீசலைச் செலுத்திவிடும். விரலால் கசிவைத் தேடாதீர்கள்.

இனி நம் லோரிக்கு வருவோம்

ஓம் விதியில், மின்தடை மாறாதிருக்க மின்னோட்டம் கூடினால் மின்னழுத்த வீழ்ச்சி கூடும். வடிகட்டியும் ஒரு தடைதான். இஞ்சின் வெறுமனே ஓடும்போது டீசல் ஓட்டம் குறைவு. அழுத்த வீழ்ச்சியும் குறைவு. பாரத்துடன் மேடு ஏறும்போது ஓட்டம் கூடுகிறது. அடைத்த வடிகட்டியில் வீழ்ச்சி பெருகுகிறது. பட்டறையில் நின்றபோது குறை மறைந்துகொண்டது அதனால்தான். ஓட்டுநர் அறையில் அழுத்தமானி இருந்திருந்தால், மேட்டில் முள் இறங்குவதைக் கண்டு அன்றைக்கே வடிகட்டியை மாற்றியிருக்கலாம்.

நம் நாட்டில் 2019 முதல் போக்குவரத்துக்கு பி10 டீசல், அதாவது 10% செம்பனை பயோடீசல் கலந்த எரிபொருள் விற்கப்படுகிறது. பயோடீசலுக்குப் பழைய தொட்டியில் படிந்த அழுக்கைக் கரைத்துக் கிளப்பும் தன்மை உண்டு. அந்த அழுக்கு வந்து சேரும் இடம் வடிகட்டிதான். பழைய லோரிகளின் வடிகட்டியைக் கவனிக்க இது இன்னொரு காரணம்.

சிந்தித்து விடை காண்க

ஒரு லோரியில் வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அழுத்தமானிகள் உள்ளன. வெறுமனே ஓடும்போது 12, 11 பி.எஸ்.ஐ. காட்டுகின்றன. மேட்டில் முதல் லோரி 12, 4 காட்டுகிறது. இரண்டாவது லோரி 5, 4 காட்டுகிறது. எந்த லோரியில் வடிகட்டி குற்றவாளி? எதில் ஊட்டு பம்ப் பலவீனம்?

விடை: முதல் லோரியில் வடிகட்டியின் இருபுறமும் 8 பி.எஸ்.ஐ. வேறுபாடு, அடைப்பு அங்கேதான். இரண்டாவதில் வேறுபாடு 1 மட்டுமே. வடிகட்டிக்கு முன்பே அழுத்தம் இல்லை. ஆகவே ஊட்டு பம்ப்பையும் தொட்டியிலிருந்து வரும் குழாயையும் சோதிக்க வேண்டும்.