விமானம் ஏறுமுன் மேகமலை ஏறிப் பாருங்கள்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து போன்ற நாடுகளுக்குச் சுற்றுலா செல்வது இன்று அரிய செய்தியன்று. மகனோ மகளோ அங்கே பணியில் இருக்கிறார். பேரக்குழந்தையைப் பார்க்க வேண்டும். பத்துமலை முருகனை ஒருமுறையேனும் தரிசிக்க வேண்டும் எனும் ஆசை நெடுநாளாக உண்டு. பயணச்சீட்டு வாங்கியபின், "இந்த உடம்போடு விமானத்தில் போகலாமா?" என்று எங்களிடம் கேட்போர் பலர். பெரும்பாலோருக்கு எங்கள் விடை, "போகலாம், ஆனால் திட்டமிட்டுப் போக வேண்டும்" என்பதே. "வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்" என அஞ்சி, கேளாமலே புறப்பட்டுவிடுவோரைப் பற்றியே எங்களுக்குக் கவலை. அவர்களுக்காகவும் அவர்களை அழைத்துச் செல்லும் குடும்பத்தாருக்காகவும் இப்பாடத்தை எழுதுகிறோம்.

விமானத்திற்குள் ஒரு மலை

விமானத்தின் உட்புறக் காற்று தரையில் நாம் சுவாசிக்கும் காற்றைப் போன்றதன்று. விமானம் முப்பதாயிரம் அடிக்கு மேல் பறக்கையில், உள்ளே காற்றழுத்தத்தைச் செயற்கையாக உயர்த்தி வைக்கிறார்கள். அவ்வாறு உயர்த்தியும், அது ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி வரை உயரமுள்ள ஒரு மலையில் இருக்கும் அழுத்தத்தையே எட்டுகிறது. காற்றில் பிராணவாயுவின் விகிதம் எங்கும் 21 விழுக்காடுதான். ஆனால் அழுத்தம் குறையும்போது ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குக் கிடைக்கும் பிராணவாயு குறைகிறது. 8,000 அடியில் அது கடல்மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்கு மட்டுமே.

நலமாக உள்ளவர் இதை உணர்வதில்லை. இதயமும் நுரையீரலும் சற்றுக் கூடுதலாக உழைத்து ஈடுசெய்துவிடும். இதயம் பலவீனமானவர், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர், கடுமையான இரத்தசோகை உள்ளவர் ஆகியோருக்கு அந்தக் கூடுதல் உழைப்பே சுமையாகிறது.

வீட்டருகே ஒரு முன்னோட்டம்

நம் மாவட்டத்தில் இதற்கோர் இயற்கையான முன்னோட்டம் உண்டு. சின்னமனூரிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சென்றால், சுமார் 1,500 மீட்டர், அதாவது ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மேகமலை இருக்கிறது. விமானத்திற்குள் நிலவும் 'மலை'யைவிட இது தாழ்வானது. ஆகவே, மேகமலையில் அமர்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, நெஞ்சு இறுக்குகிறது, தலை சுற்றுகிறது என்றால், விமானப் பயணத்திற்கு முன் முழுமையான பரிசோதனை கட்டாயம் தேவை. அங்கே நலமாக இருந்தீர்கள் என்பதை மட்டும் வைத்து, விமானத்திலும் நலமாக இருப்பீர்கள் என்று உறுதி கொள்ளலாகாது. இது எச்சரிக்கை மணி மட்டுமே. தகுதிச் சான்றிதழ் அன்று.

இம்முன்னோட்டம் எல்லோருக்கும் உரியதும் அன்று. மாரடைப்போ அறுவை சிகிச்சையோ நிகழ்ந்து சில வாரங்களே ஆனவர், ஓய்விலும் மூச்சு வாங்குபவர், விரல்நுனிக் கருவியில் பிராணவாயு அளவு 92-க்குக் கீழ் உள்ளவர் ஆகியோர் மலை ஏறிச் சோதித்துப் பார்க்கவே கூடாது. நேரே எங்களிடம் வர வேண்டும். மேகமலையில் உடல்நிலை மோசமானால், பெரிய மருத்துவமனைக்கு அந்த வளைவுகள் அத்தனையையும் கடந்து இறங்கியாக வேண்டும் என்பதை மறத்தலாகாது.

மற்றவர்கள், பயணத்திற்கு ஒரு மாதம் முன்பாக ஒரு நாள் குடும்பத்தோடு சென்று வரலாம். உணவு நேரம் தள்ளிப்போனால் சர்க்கரை என்னவாகிறது, எத்தனை மணி நேரத்திற்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க வேண்டியுள்ளது, நீண்ட நேரம் அமர்ந்தால் கால் வீங்குகிறதா, மாத்திரைப் பெட்டியைக் கவனிப்பவர் யார் என்பனவெல்லாம் அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும். வளைவுகளில் வாந்தி வருமென்று கடையில் தாமாக மாத்திரை வாங்கிப் போடுவோர் உண்டு. புரோஸ்டேட் வீக்கமோ கண் நீர் அழுத்த நோயோ உள்ளவருக்கு அம்மாத்திரைகளுள் சில சிறுநீர் அடைப்பையும் கண்வலியையும் உண்டாக்கலாம். கேட்டு வாங்குங்கள்.

நிறுத்தக் கூடாத மாத்திரை

பயணத்தில் பெரியோர் பலர் செய்யும் செயல் ஒன்று உண்டு. வழியில் கழிப்பறை கிடைக்காதே என்ற கூச்சத்தில், நீர் பிரிக்கும் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவார்கள். தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்வார்கள். இதயம் பலவீனமானவர் இரண்டு மூன்று நாள் அம்மாத்திரையை விட்டால், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளக்கூடும். அந்த நிலையில் விமானம் ஏறுவது பேராபத்து. மாத்திரையை நிறுத்த வேண்டுவதில்லை. அதை எடுக்கும் வேளையை மாற்றிக்கொள்ளலாம். பயண நாளில் எப்போது எடுப்பது என்பதை எங்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் சக்கர நாற்காலியும், விமானத்தில் கழிப்பறை அருகே இருக்கையும் முன்கூட்டியே கேட்டுப் பெறலாம். இதில் வெட்கத்திற்கு இடமில்லை.

இன்சுலினும் கடிகாரமும்

மலேசியாவும் சிங்கப்பூரும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியவை. தாய்லாந்தும் வியட்நாமும் ஒன்றரை மணி நேரம் முந்தியவை. ஒரு வாரப் பயணமாயின், நீண்ட நேரம் செயல்படும் இன்சுலினை இந்திய நேரப்படியே போட்டுக்கொள்ளலாம். இங்கே இரவு 9 மணிக்குப் போடுபவர் கோலாலம்பூரில் இரவு 11.30-க்குப் போட்டால் போதும். உணவோடு சேர்த்துப் போடும் இன்சுலின் உணவையே தொடர வேண்டும். தட்டு முன்னால் வந்தபின் போடுங்கள். வருமென்று நம்பிப் போடாதீர்கள்.

இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது. அங்கே அது உறைந்துபோகலாம். பெட்டியே தொலைந்தும் போகலாம். உறைந்த இன்சுலின் உருகியபின்னும் பயன்படாது. மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுச் செல்லாதீர்கள். நம் வீட்டு மண்பானை செய்யும் வேலையை, வெளிநாட்டில் இன்சுலினுக்கென விற்கும் குளிர்ப்பை செய்யும்.

பெட்டியில் எவை, எவை கூடாது

பயண நாள்களுக்கு வேண்டியதைவிட ஒரு வாரத்திற்குக் கூடுதலாக மருந்து எடுத்துச் செல்லுங்கள். எல்லாவற்றையும் அசல் அட்டையிலேயே வைத்திருங்கள். பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். மருந்தின் வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். ஆகையால் மூலப்பெயர் எழுதிய சீட்டு வேண்டும்.

சிங்கப்பூரில் தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, வலுவான வலிநிவாரணி ஆகியவற்றுள் பலவற்றுக்கு முன்அனுமதி பெற வேண்டும். குருமாவுக்கு நாம் அரைக்கும் கசகசாவும் அங்கே தடைசெய்யப்பட்ட பொருள். மசாலாப் பொடி கட்டிக் கொடுக்கும் அன்னையர் இதை நினைவில் கொள்க.

கால்களுக்கு வேலை கொடுங்கள்

மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ விமானப் பயணம் நான்கு மணி நேரம் என்றாலும், கம்பத்திலிருந்து புறப்பட்ட வேளையிலிருந்து கணக்கிட்டால் அமர்ந்திருக்கும் நேரம் அதனினும் மிகுதி. நான்கு மணி நேரத்திற்கு மேல் அசையாது அமர்ந்தால் கால் நரம்புகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. அக்கட்டி நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. முன்பு இரத்தக்கட்டி ஏற்பட்டவர், புற்றுநோய் உள்ளவர், அண்மையில் அறுவை செய்துகொண்டவர், கர்ப்பிணியர் ஆகியோர் முன்னரே எங்களைக் காண வேண்டும். மற்றவர்க்குத் தண்ணீரும், மணிக்கொருமுறை எழுந்து நடத்தலும், அமர்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைத்தலும் போதும்.

பத்துமலையின் 272 படிகள் பழனிப் படிகளைவிடக் குறைவே. எனினும் அந்நாட்டுப் புழுக்கத்தில் வியர்வை எளிதில் உலராது. உடல் விரைவில் சோரும். காலையிலேயே ஏறுங்கள், நின்று நின்று ஏறுங்கள். நெஞ்சு இறுகினால் இறங்கிவிடுங்கள். அடிவாரத்தில் நின்று கும்பிட்டாலும் வேண்டுதல் நிறைவேறும்.

கொசு, குரங்கு, புகை

டெங்கு அந்நாடுகள் அனைத்திலும் உண்டு. அதைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. கொசுவலை மட்டும் போதாது. முன்பு டெங்கு வந்தவருக்கு மறுமுறை வந்தால் கடுமையாகலாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே எடுங்கள். ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் இரத்தக்கசிவை உண்டாக்கும். இரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்போர் காய்ச்சல் கண்ட அன்றே அங்குள்ள மருத்துவரைக் காண வேண்டும்.

பத்துமலையிலும் பாலியிலும் குரங்குகள் மிகுதி. கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். ஊர் திரும்பிப் போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருக்கலாகாது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சில ஆண்டுகளில் காட்டுத்தீப் புகை மலேசியா, சிங்கப்பூர் வரை சூழ்வதுண்டு. ஆஸ்துமா உள்ளவர் அம்மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. தடுப்பூசிகளுக்காகக் குறைந்தது ஆறு வாரம் முன்னதாக வாருங்கள்.

மறைக்க வேண்டாம்

பயணக் காப்பீடு எடுக்கும்போது, தொகை கூடும் என்று அஞ்சிச் சர்க்கரை நோயையும் இதய நோயையும் மறைப்போர் உண்டு. மறைத்த நோய்க்கு அங்கே சிகிச்சை பெற நேர்ந்தால், நிறுவனம் பணம் தர மறுக்கலாம். வெளிநாட்டு மருத்துவமனையின் சில நாள் கட்டணம் ஒரு குடும்பத்தின் ஆண்டுகள் பலவற்றின் சேமிப்பைக் கரைத்துவிடும். உள்ளதைச் சொல்லி, முன்பே உள்ள நோய்களுக்கும் பொருந்தும் காப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

திரும்பியபின் இரண்டு வாரத்திற்குள் காய்ச்சல் வந்தாலும், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் கண்டாலும், "வெளிநாடு சென்று வந்தேன்" என்பதையே மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். அந்த ஒரு செய்தி நோயறிதலின் திசையையே மாற்றும்.

நோய் வந்தது என்பதற்காக வாழ்க்கையின் ஆசைகள் அனைத்தையும் கட்டிவைக்க வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. பயணச்சீட்டு வாங்கியபின் அன்று, வாங்குமுன் எங்களிடம் வாருங்கள். எந்த மாதம், எத்தனை நாள், எவ்வளவு நடை என்பதைச் சேர்ந்து அமர்ந்து முடிவு செய்வோம்.