கருக்கலில் மறையும் முன்குறி

கேள்வி: அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கென ஒதுக்கப்படும் செப்டம்பர் வேட்டைப் பருவத்தில் ஸ்கோப் பொருத்த அனுமதியில்லை. விடியற்கருக்கலிலும் அந்தியிலும் மான் கண்ணுக்குத் தெரிந்தும் குழல் முனையிலுள்ள இரும்புக் குறி தெரியாமற்போவது ஏன்? விதியை மீறாமல் அதைத் தெளிவாக்க வழி உண்டா?
– வாசகர், டென்வர்

பதில்: வாய்வழி மருந்திடும் துப்பாக்கி என்பது, தமிழ்நாட்டில் நாட்டுத் துப்பாக்கி என்று வழங்கப்படுவதைப் போலவே, கரிமருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியே இட்டு இடிகோலால் இறுக்கிச் சுடும் கருவியாகும். குழல் முனையில் நிற்கும் சிறு தகடு முன்குறி எனவும், கண்ணை அடுத்துப் பள்ளம் வெட்டிய தகடு பின்குறி எனவும் இங்குக் குறிக்கப்படுகின்றன. கொலராடோ விதி இக்குறிகளில் ஒளியிழை பதிப்பதையும் ஒளிர்வண்ணம் பூசுவதையும் அனுமதிக்கிறது; மின்கலத்தாலோ செயற்கை ஒளியாலோ இயங்கும் குறிகளைத் தடை செய்கிறது. வேட்டை நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன் தொடங்கி, மறைவுக்கு அரை மணி நேரம் பின் முடிவதால், இந்தச் சிக்கல் முழுவதும் அவ்விரண்டு அரை மணி நேரங்களுக்கு உரியதே.

பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றும் மூன்று தொலைவுகளில் இருக்க, கண் ஒரே நேரத்தில் ஒன்றின் மீதுதான் கூர்மையாகக் குவிய முடியும். பகலில் கண்மணியின் துளை 2 முதல் 4 மில்லிமீட்டருக்குள் சுருங்கியிருப்பதால் மற்ற இரண்டும் ஓரளவு தெளிவாகவே தெரிகின்றன. இருள் கூடக் கூட அத்துளை இளம் வயதினருக்கு 7 மில்லிமீட்டர் வரை விரிவதால், குவியத்துக்கு வெளியே உள்ளவை பெரிதும் கலங்குகின்றன. கறுத்த பள்ளத்தின் நடுவே கறுத்த தகடு கரைந்துபோவது வெளிச்சக் குறைவால் மட்டுமன்று, விளிம்புகள் ஒன்றோடொன்று கலப்பதாலும்தான். ஆகவே தேவைப்படுவது மிகுதியான ஒளி என்பதைவிட, நிற வேறுபாடும் கூரிய விளிம்பும் என்பதே சரி.

நிறத் தேர்வில் பலர் தவறுவது சிவப்பில். செக் நாட்டு உடலியலாளர் யான் பூர்கினியே 19ஆம் நூற்றாண்டில் விளக்கிய மாற்றத்தின்படி, பகல் பார்வை 555 நானோமீட்டர் அளவிலான மஞ்சட்பச்சையைக் கூர்மையாக உணர, இருட்பார்வையின் உச்சம் 507 நானோமீட்டருக்கு, அதாவது நீலப்பச்சையை நோக்கி நகர்கிறது. கடையில் நண்பகலில் கண்ணைப் பறித்த செந்நிற ஒளியிழை அந்தியில் கருஞ்சிவப்பாகி முதலில் மறைவதும், பச்சை இழை இன்னும் சில நிமிடங்கள் தாக்குப்பிடிப்பதும் இதனால்தான்.

மிகக் குறைந்த செலவில் செய்யத்தக்கது வண்ணம் பூசுவது. மருந்து நிரப்பப்படாத துப்பாக்கியில், முன்குறியின் பின்முகத்தை, அதாவது சுடுபவரை நோக்கிய முகத்தை, சாராயத்தால் துடைத்து எண்ணெய்ப் பசையை நீக்கி, முதலில் வெள்ளை நகப்பூச்சும் அது உலர்ந்தபின் ஒளிரும் பச்சை நகப்பூச்சும் தீக்குச்சி முனையால் மெல்லியதாக இட வேண்டும். அடியில் வெள்ளை இல்லையெனில் இரும்பின் கருமை மேல்வண்ணத்தை விழுங்கிவிடும். ஒளிர்வண்ணம் புறஊதாவையும் நீல ஒளியையும் உறிஞ்சிக் கண்ணுக்குப் புலனாகும் நிறமாக வெளியிடுவதாலும், அந்தி வானில் நீலத்தின் பங்கு கூடியிருப்பதாலும், அது அந்த வேளையில் சுற்றியுள்ளவற்றைவிட எடுப்பாகத் தெரிகிறது.

உருண்டை மணியாக அமைந்த முன்குறியில் ஒரு வஞ்சகம் உண்டு. ஒளி வலப்புறமிருந்து வந்தால் மணியின் வலப்பக்கம் மட்டுமே மின்னும். மின்னும் புள்ளியையே நடுவெனக் கருதிப் பள்ளத்தில் பொருத்தினால் குழல் இடப்பக்கம் சாய்ந்து, குண்டும் இடப்பக்கம் விலகும். தட்டையான முகத்தை வானை நோக்கிச் சற்றுச் சாய்த்து அமைத்தால் ஒளி முகம் முழுவதும் சீராகப் படியும். மணியின் பருமனும் கணக்கில் கொள்ளத்தக்கது: கண்ணிலிருந்து 90 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள 2 மில்லிமீட்டர் மணி, 90 மீட்டர் தொலைவில் 20 சென்டிமீட்டர் அகலத்தை, ஏறத்தாழ மானின் நெஞ்சுப் பகுதி முழுவதையும், மறைத்துவிடுகிறது. பெரிய மணி எளிதில் தெரிகிறது என்று வாங்குவோர் இலக்கை இழந்து குறியைப் பெறுகிறார்கள்.

பின்குறியில் செய்ய வேண்டியது இதற்கு எதிரானது. அது ஒளிரக் கூடாது, கறுத்தே இருக்க வேண்டும். பந்தயச் சுடுநர்கள் தேய்ந்து மினுங்கும் குறிகளைப் புகையில் காட்டிக் கறுக்க வைப்பது பழைய வழக்கம்; அதற்கு அவர்கள் எரித்தவற்றுள் ஒன்று, தமிழர் கோயிலில் ஏற்றும் அதே சூடம். கரிமருந்து அருகில் இருக்கும் இடத்தில் நெருப்பு ஆகாது என்பதால், வேட்டைக்காரருக்கு மினுக்கமற்ற கறுப்பு வண்ணமே ஏற்றது. பள்ளத்தை அரத்தால் சிறிது அகலப்படுத்தினால் முன்குறியின் இருபுறமும் வெளிச்சக் கீற்று கூடும். அரம் தேய்த்ததை மீட்க முடியாதாகையால் ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு முறை குறிபார்த்தல் நன்று. பள்ளத்துக்கு மாற்றாகத் துளைக்குறி, அதாவது வளையத்தின் வழியே பார்க்கும் அமைப்பு, விதி அனுமதிக்கும் இடங்களில் பயன்படும். நண்பகலுக்கான சிறு துளை வில்லையை அந்தியில் கழற்றி, அகன்ற வளையத்தை மட்டும் விட்டுவைக்க வேண்டும்.

கண்ணும் பழக வேண்டும். இருட்பார்வை முழுமை பெற 20 முதல் 30 நிமிடங்கள் ஆவதால், விடியலில் காத்திருப்பவர் கைப்பேசித் திரையை ஒரு முறை பார்த்தாலும் அதன் பெரும்பகுதியை இழந்துவிடுவார். சக்கிமுக்கித் துப்பாக்கியின் மருந்துக் கிண்ணத்தில் எழும் தீப்பளிச்சும் அவ்வாறே கண்ணைக் குருடாக்குகிறது. அதைத் தொடரும் வெண்புகையும் சேர்வதால், குண்டு பட்ட மான் எத்திசையில் ஓடியது என்பது அந்தியின் கடைசி நிமிடங்களில் சுட்டவருக்கே தெரியாமற்போவதுண்டு. குறி பளிச்சென்று தெரிந்து, மானின் தோளும் வயிறும் பிரித்தறிய இயலாத அளவு மங்கிவிட்ட நேரத்தில், சட்டப்படி இன்னும் பத்து நிமிடங்கள் மீதமிருந்தாலும், விசையிலிருந்து விரலை எடுப்பதே முறை.