ஊர் ஒன்று, பெயர் இரண்டு

நம் ஹெப்பாள் வகுப்பில் ஓர் அக்கா கேட்டார்:

"நாம் மைசூர் என்கிறோம். கண்டக்டர் மைசூரு என்கிறார். எது சரி, தம்பி?"

இரண்டும் ஒரே ஊர்தான். கன்னடத்தில் மைசூரு. ஆங்கிலத்தில் மைசூர் என்று எழுதி வந்தார்கள். 2014 நவம்பர் 1 முதல் ஆங்கிலத்திலும் மைசூரு ஆகிவிட்டது.

பிரான்ஸ் நாட்டிலும் இப்படி ஓர் ஊர் உண்டு. அங்கே பெரிய தேவாலயம் இருக்கிறது. அரசர்கள் பலர் அங்கேதான் முடிசூடினார்கள். அந்த ஊர் மக்கள் 'ரேன்ஸ்' என்கிறார்கள். ஆங்கிலேயர் 'ரீம்ஸ்' என்கிறார்கள். ஊர் ஒன்றுதான். சொல்லும் வாய்தான் வேறு.

ஒரே பெயரில் இரண்டு இடம் இருந்தால்? அப்போது கவனம் வேண்டும். பெங்களூரிலும் ஒரு ஹெப்பாள் இருக்கிறது!

அக்காவுக்குத் தங்கை கல்யாணப் பத்திரிகை அனுப்பினார். முகவரியில் 'ஹெப்பாள், கர்நாடகா' என்று மட்டும் எழுதினார். பத்திரிகை பெங்களூர் போய்ச் சுற்றியது. கல்யாணம் முடிந்த பிறகுதான் அக்கா கைக்கு வந்தது.

இப்போது அக்காவே தன் முகவரியை எழுதித் தங்கைக்கு அனுப்பிவிட்டார். ஊர்ப் பெயர் இருக்கிறது. பின்கோடும் இருக்கிறது. மைசூரு பின்கோடு 570 என்று தொடங்கும். பெங்களூரு பின்கோடு 560 என்று தொடங்கும்.

பயிற்சி: உங்கள் முகவரியைப் பின்கோடுடன் எழுதுங்கள்.