ஆறு திருப்பும் மிதவைகள்

அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் ஓடும் இழுவைப் படகு, பெயருக்கு மாறாக, சரக்கு மிதவைகளைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஆற்றின் மேல்பகுதியில் பெரும்பாலும் 15 மிதவைகள், வரிசைக்கு மூன்றாக, எஃகு வடங்களால் பிணைக்கப்பட்டிருக்கும். அவற்றின் நீளம் மட்டுமே ஏறத்தாழ 300 மீட்டர்.

நீரோட்டத்தின் திசையில் செல்லும்போதுதான் சிக்கல். படகுக்குப் பிரேக் கிடையாது. வளைவில் வேகமாகத் திரும்பினால் பின்பகுதி வெளிக்கரையை நோக்கிச் சறுக்கும். கரையில் மோதினால் வடங்கள் அறுந்து, மிதவைகள் ஆற்றோடு போய்விடும். கீழே பாலம் இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது.

ஆகவே, கூர்மையான வளைவில் ஓட்டுநர் இயந்திரத்தைப் பின்னோக்கி இயக்குகிறார். வழக்கமான சுக்கான் அப்போது அவ்வளவாக உதவாது. உந்துவிசிறிக்கு முன்னால் உள்ள தனிச் சுக்கான்களே பின்பகுதியை உள்வளைவின் அருகே நிறுத்துகின்றன. முன்முனையை நீரோட்டமே மெல்லத் திருப்பிவிடுகிறது.