சாப்பாட்டுக்கு அஞ்சும் மகள் யோகா செய்யலாமா?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. சாப்பிட்டதும் வாந்தி எடுத்துவிடுவாள். எடை குறையவேண்டும் என்று தோட்டச் சாலையில் மூச்சிரைக்க ஓடுவாள். இப்போது சிரம்பானில் சிகிச்சை பெறுகிறாள். யோகா உதவுமா?
– ஒரு தாய், ரந்தாவ்

பதில்: உதவும் அம்மா, ஆனால் மருத்துவர் சம்மதித்த பிறகுதான். அடிக்கடி வாந்தி எடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பே தடுமாறும். அந்த நிலையில் ஓட்டம் ஆபத்து. அவளைத் திட்டாதீர்கள், அந்த ஓட்டமும் உண்ணுதல் கோளாறு என்ற இந்த நோயின் ஒரு பகுதிதான்.

2010இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சிகிச்சையோடு 8 வாரம் யோகா செய்த, உண்ணுதல் கோளாறுள்ள பதின்வயதினருக்கு அறிகுறிகள் குறைந்தன. வகுப்பு முடிந்ததும் உணவைப் பற்றிய ஓயாத எண்ணமும் தணிந்தது. சிறிய ஆய்வு என்றாலும் நம்பிக்கை தருகிறது.

கண்ணாடி இல்லாத இடத்தில் நீங்களும் அவளோடு உட்காருங்கள். மூச்சைக் கவனித்தபடி மெதுவாகக் கைகால்களை நீட்டினால் போதும். கலோரிக் கணக்கு வேண்டவே வேண்டாம். வெறும் வயிற்றில்தான் யோகா என்ற விதியை இவளுக்குத் தளர்த்துங்கள். லேசாக ஏதாவது சாப்பிடட்டும். "இளைச்சிட்டியே" என்று லயத்தில் யாரும் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மயக்கமோ படபடப்போ வந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் மனம் தளர்ந்தால், மலேசியச் சுகாதார அமைச்சின் 15555 என்ற மனநல உதவி எண்ணில் பேசுங்கள்.