பெயரும் முத்திரையும்: மின்னஞ்சல் மெய்ப்பிப்பு ஓர் அறிமுகம்

முன்னுரை

அம்பத்தூரையும் ஆவடியையும் கடந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் திருவாலங்காடு என்றோர் ஊர் உண்டு. அங்கு 1905ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பெற்ற முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேடுகளைத் தமிழ் மாணவர் நன்கறிவர். 31 ஏடுகளைக் கோத்த வளையத்தில் புலியும் இரு கயலும் வில்லும் பொறித்த அரச முத்திரை விளங்குகின்றது. ஏட்டில் எழுத வல்லவர் பலர் இருக்கலாம். முத்திரையிடும் உரிமை உடையவன் மன்னன் ஒருவனே. ஆதலின் 'இது மன்னன் ஆணை' என்பதற்கு அம்முத்திரையே சான்றாயிற்று. இத்தகைய சான்று மின்னஞ்சலுக்கும் வேண்டும் என்பதையும், அது பெயருக்கு உரியவரை எவ்வாறு காக்கின்றது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மின்னஞ்சலின் குறை

மின்னஞ்சலைச் சுமந்து செல்லும் எஸ்.எம்.டி.பி. என்னும் நெறிமுறையை ஜான் போஸ்டல் 1982இல் வரைந்தளித்தார். அனுப்புநராகக் குறிக்கப்பெற்றவர்தாமா உண்மையில் அனுப்பினார் என்று வினவும் ஏற்பாடு அதில் இல்லை. அஞ்சல் உறையின் மேல் எவர் முகவரியையும் எழுதலாம். உள்ளிருக்கும் கடிதத்தின் தலைப்பில் எவர் பெயரையும் அச்சிடலாம். மின்னஞ்சலும் அவ்வாறே உறை முகவரி ஒன்றும், படிப்பவர் கண்ணில் படும் முகவரி ஒன்றுமாக இரண்டு கொண்டது. இரண்டையும் பொய்யாக எழுத இயலும்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது. இனிப் புதிய கணக்கில் பணம் செலுத்துக' என்று அதன் பெயரால் வாடிக்கையாளருக்கு ஒரு மடல் செல்கின்றது. பணத்தை இழப்பவர் வாடிக்கையாளர். பழியைச் சுமப்பவரோ அம்மடலைக் கண்ணாலும் காணாத பட்டறை உரிமையாளர். கல்லூரியின் பெயரால் கட்டணம் கேட்டு வரும் போலி மடலுக்கும் இஃது ஒக்கும்.

சட்டம் தரும் துணை

மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பாகிய நாஸ்காம், தன் பெயரால் பிறருக்கு மின்னஞ்சல் அனுப்பித் தனிப்பட்ட விவரங்களைத் திரட்டியதாக ஆள்சேர்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்தியோர்மீது தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2005 மார்ச்சில் வந்த தீர்ப்பு, இச்செயல் சட்டத்திற்குப் புறம்பானது என்று உரைத்தது. உடன்பாட்டின்படி 16 இலட்சம் ரூபாய் இழப்பீடாக வரையறுக்கப்பெற்றது. பின்னர், 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழித் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் சேர்ந்த 66டி பிரிவு, கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் தண்டமும் விதிக்கின்றது. ஆயினும் சட்டம் குற்றம் நிகழ்ந்த பின்னரே வருவது. முன்னரே காப்பதற்கு வேறு வழி வேண்டும்.

மூன்று காவல்கள்

டொமைன் என வழங்கும் களப்பெயரின் உரிமையாளர், உலகோர் எவரும் காணத்தக்க களப்பெயர்ப் பதிவேட்டில் மூன்று குறிப்புகளை எழுதி வைக்கலாம்.

முதலாவது எஸ்.பி.எஃப். 'என் பெயரால் மடல் கொண்டுவர உரிமை பெற்ற கணினிகள் இவையே' என்னும் பட்டியல் இது. மடலைப் பெறும் கணினி, அதனைக் கொண்டுவந்த கணினியை உறை முகவரியின் களப்பெயருக்குரிய இப்பட்டியலோடு ஒப்பிடுகின்றது.

இரண்டாவது டி.கே.ஐ.எம். இதுவே முத்திரை. உரிமையாளர் தம்மிடம் மறைவாக வைத்துள்ள சாவியால் மடலில் கையொப்பம் பொறிக்கின்றார். பதிவேட்டில் வெளியிட்டுள்ள பொதுச்சாவியால் பெறுநரின் கணினி அதனைச் சரிபார்க்கின்றது. கையொப்பத்திற்கு உட்பட்ட பகுதி இடைவழியில் திருத்தப்பட்டால் முத்திரை பொருந்தாது.

மூன்றாவது டிமார்க். 2012இல் அறிவிக்கப்பெற்ற இம்முறை, படிப்பவர் கண்ணில் படும் முகவரியின் களப்பெயர், முன்னைய இரு சோதனைகளுள் ஒன்றிலேனும் தேறிய களப்பெயரோடு பொருந்த வேண்டும் என்கின்றது. பொருந்தாத மடலை என்செய்வது? வாளா நோக்குவதா, ஐயத்திற்குரியதென ஒதுக்குவதா, வாயிலிலேயே மறுப்பதா என்பதை உரிமையாளரே அறிவிக்கலாம். தம் பெயரால் எங்கிருந்தெல்லாம் மடல் வருகின்றது என்னும் அறிக்கைகளையும் அவர் பெறலாம். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் பெருந்தொகையாக மடல் அனுப்புவோர்க்கு இம்மூன்றையும் கட்டாயமாக்கின.

இக்காவலின் எல்லை

முத்திரை, பெயர் மெய் என்று காட்டுமேயன்றி உள்ளம் மெய் என்று காட்டாது. ஓரெழுத்தை மாற்றி வேறொரு களப்பெயரைப் பதிவு செய்பவன் அதற்குரிய முத்திரையை முறைப்படியே பெறுவான். 2004இல் சென்னை எழும்பூர் நீதிமன்றம் தண்டனை வழங்கிய வழக்கொன்றில், பெண் ஒருவரின் பெயரிலேயே பொய்க் கணக்குத் தொடங்கப்பட்டிருந்தது. அவ்வகை வஞ்சத்தை இம்மூன்றும் தடுப்பதில்லை.

முடிவுரை

நம் நிறுவனங்களின் பொறுப்பாளர்கள் இக்குறிப்புகள் எழுதப்பட்டுள்ளனவா என்று தம் கணினித் துறையினரை வினவுதல் நன்று. தொடக்கத்தில் வெறுமனே நோக்கி, நம் மடல்கள் அனைத்தும் முத்திரையோடு செல்வதை உறுதி செய்தபின் மறுக்கும் நிலைக்குச் செல்வதே முறை. மாணவர்களோ, பணம் கேட்டு வரும் மடல் எதுவாயினும், தாம் முன்னரே அறிந்த தொலைபேசி எண்ணில் கேட்டுத் தெளிதல் வேண்டும். நற்பெயர் ஈட்டுதற்குத் தலைமுறைகள் வேண்டும். அதனை இழக்க ஒரு பொய்மடல் போதும். பெயரை ஈட்டியவர்க்கே அதனைக் காக்கும் கடமையும் உண்டு.