நுரையை நம்பலாமா? வியாபாரிகளுக்கு ஒரு பாடம்

 

"இது எண்ணெய்ப் பிசுக்கை நன்றாக நீக்குமா?" என்று வாடிக்கைக்காரர் கேட்கிறார். "நுரை பொங்கும், தைரியமாக வாங்குங்கள்" என்று நாம் சொல்லிவிடுகிறோம். அவர் கேட்டது ஒன்று. நாம் சொன்னது வேறொன்று. நுரை வேறு, சுத்தம் வேறு.

எண்ணெயும் தண்ணீரும் தாமாகக் கலப்பதில்லை. சவுக்காரத்தின் நுண்துகள் ஒவ்வொன்றிலும் ஒரு முனை தண்ணீரை நாடும். மறுமுனை எண்ணெயை நாடும். இத்துகள்கள் எண்ணெயைச் சிறு சிறு துளிகளாகச் சூழ்ந்துகொண்டு தண்ணீரில் நிறுத்துகின்றன. அழுக்கைக் கிளப்பினால் மட்டும் போதாது; மீண்டும் படியாதவாறு தண்ணீரிலேயே பிடித்து வைக்கவும் வேண்டும். இதைக் கடையிலேயே சோதித்தறியலாம்.

எண்ணெய்ச் சோதனை: ஒரே மாதிரியான மூன்று கண்ணாடிப் புட்டிகளில் சம அளவு தண்ணீரும், ஒவ்வொரு தேக்கரண்டி சமையல் எண்ணெயும் விடுக. இரண்டில், ஒப்பிட வேண்டிய சரக்குகளைச் சம அளவில் சேர்க்க. மூன்றாவதில் ஒன்றும் சேர்க்க வேண்டாம். மூன்றையும் 20 முறை குலுக்கி வைத்துக் கவனிக்க. வெறும் தண்ணீரில் எண்ணெய் விரைவில் மேலே திரளும். எது நெடுநேரம் பால்போல் கலங்கி நிற்கிறதோ, அதுவே எண்ணெயை நன்கு பிரிக்கிறது.

அழுக்குச் சோதனை: இது ஷாம்புவைப் பரிசோதிப்போர் கையாளும் முறை. 10 மில்லி லிட்டர் தண்ணீரில் சரக்கு 2 சொட்டும், இந்தியன் இங்க் எனப்படும் கறுப்பு மை 1 சொட்டும் விட்டு, மூடி, 10 முறை குலுக்குவார்கள். கரித்தூளால் ஆன மையே வேண்டும்; சாதாரணப் பேனா மை கரைந்துவிடும். கறுப்பு தண்ணீரில் தங்கினால் நல்லது. நுரையில் ஏறினால் குறை. நுரையில் நிற்கும் அழுக்கு எளிதில் அலசிப் போகாது, திரும்பவும் படியும்.

புட்டிகளின் பெயரை மறைத்து எண்களை மட்டும் ஒட்டி, வேறொருவரைத் தீர்ப்புச் சொல்லச் செய்க. இல்லையேல் அதிக லாபம் தரும் சரக்கையே நம் கண் நல்லதென்று காணும்.

சாப்பாட்டுக் கடை நடத்துவோர் சால்னா தோய்ந்த தட்டுகளைக் கழுவியே பார்க்கலாம். ஒரு தேக்கரண்டியில் 20 தட்டு கழுவும் 4 வெள்ளிப் புட்டி, 8 தட்டு கழுவும் அதே அளவுள்ள 2 வெள்ளிப் புட்டியைவிட மலிவே. கெட்டியாக இருப்பதையும் நம்ப வேண்டாம்; இத்தகைய திரவங்கள் பலவற்றை உப்புச் சேர்த்தே கெட்டியாக்க முடியும்.

நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது, உள்ளே ஈரம் இருந்ததை நாம் அறிவோம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று கேட்டார்கள் நபியவர்கள். நுரையைக் காட்டி விற்பதும், நீர் கலந்து நிரப்பி விற்பதும் ஈரத்தை உள்ளே மறைப்பது போன்றதன்றோ? ஆகவே, சோதித்த பின்பே புகழ்வோம். குறை கண்டால் அதைச் சொல்லியே விற்போம்.

அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.